பானகத்துக்கு முன் ஒரு சொட்டு

ஜனவரி 6, திங்கள்

ஓபி முடிய மணி இரண்டு. பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்கு முழங்கால். சூரங்கரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து இரண்டு வருஷத்தில் எனக்கே முழங்கால் வலி வந்துவிடும் போலிருக்கிறது.

கடைசியாக வந்தவள் பூமயில். கீழத்தெரு, முப்பது வயதிருக்கும். புருவத்துக்கு மேலே எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. கதவு இடித்துவிட்டதாம். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. இந்த ஊர்க் கதவுகளுக்கெல்லாம் கை முளைத்திருக்கிறது போல. தையல் போடும்போது வலிக்கிறதா என்று கேட்டதற்கு, பழகிருச்சும்மா என்றாள்.

புருஷன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தான். முத்திருளன். கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். நல்ல கனத்த உடம்பு. நான் வெளியே வந்ததும் எழுந்து நின்று, யாரும்மா இவளை இப்படி அடிச்சது என்று என்னையே கேட்டான். அந்த நடிப்புக்கு ஒரு பரிசே கொடுத்திருக்கலாம். ஓபியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கினேன். பன்னைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான். நர்ஸ் ஜெபராணிதான் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

கை ஓங்குகிறவனைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெயில், வேலை, குடி என்று ஆயிரம் காரணம் சொல்வான்கள். ஒன்றையும் கேட்க எனக்கு நேரமில்லை.

என் கணவன் பிரசன்னா போன் செய்தான். திருச்சியில் இன்று மூன்று ஆபரேஷனாம், எலும்பு டாக்டருக்கு ஓய்வே கிடையாது. போனை ஏன் உடனே எடுக்கவில்லை என்றான். தையல் போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். நம்பினான்.

ஜனவரி 9, வியாழன்

சிலிண்டர் இன்னும் வரவில்லை. மூன்று வேளையும் பிரெட்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்குத் திருச்சி போய்விட்டு வந்தாயிற்று. மாமியார் புதுப் புடவை எடுத்து வைத்திருந்தார். பொங்கல் நன்றாகப் போனது. பால் பாத்திரம் கை தவறி விழுந்ததில் இடது முன்கை கொஞ்சம் சுட்டுவிட்டது. என் தப்புதான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அடுப்புப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. பிறகு அவனே மருந்து வைத்துக் கட்டுப் போட்டுவிட்டான், அவ்வளவு பொறுமையாக. பஸ் வேண்டாம் என்று காரிலேயே கொண்டுவந்து விட்டான்.

ஒரு வாரத்துக்கு முழுக்கைச் சுடிதார்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. பின்னால் முத்திருளன். கைகால்களைக் கயிற்றால் கட்டி, பன்றியைப் போடுகிற மாதிரி போட்டிருந்தார்கள்.

கரிமூட்டத்தில் விடியற்காலையிலிருந்து வேலை பார்த்தவன், எட்டு மணி வாக்கில் திடீரென்று யாரையோ கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்திருக்கிறான். பிறகு மண்வெட்டியை எடுத்துக் கூட வேலை பார்த்த ராசுவின் முழங்காலில் இறக்கிவிட்டான். ராசுவின் சில்லெலும்பு இரண்டாகப் போய்விட்டது. அவனையும் அதே வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். மற்றவர்கள் முத்திருளனைச் சுற்றி வளைத்துக் கருவேலங்கட்டையாலேயே அடித்திருக்கிறார்கள். முதுகெல்லாம் முள். மூக்கு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அடித்தவர்களில் ஒருவனும் குடித்திருக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

வாயை முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. கஞ்சாவாக இருக்கலாம் என்றார் ஏட்டு தங்கப்பாண்டி. போதை தெளியட்டும் என்று வழியிலேயே இரண்டு பாட்டில் கலர் சோடாவை வாயைப் பிளந்து ஊற்றியிருந்தார்கள். என்னிடம் வந்தபோது ஆள் தெளிவாக இருந்தான். என்னை ஏன் கட்டி வச்சிருக்கீக என்று கேட்டான். சுகர் பார்த்தேன், தொண்ணூற்றிரண்டு. பிபி நன்றாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்க எனக்கு மனமில்லை. மனநல மருத்துவரைப் பார்க்கவும் என்று எழுதினேன்.

நடந்தது ஒன்றும் ஞாபகமில்லை என்று அவன் சொன்னதும் ஏட்டு ஓங்கி ஓர் அறை விட்டார். நான் தடுக்கவில்லை. நன்றாகப் போடுங்கள் என்றுதான் தோன்றியது. பூமயில் ஓடிவந்து ஏட்டின் காலைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் நான் போட்ட தையலோடு, அவனுக்காகக் காலில் விழுகிறாள். எழுந்திரு என்று அவளையும் திட்டினேன்.

ஜனவரி 23, வியாழன்

பூமயிலுக்குத் தையல் பிரித்தேன். அம்மா வீட்டுக்குப் போய்விடு, இல்லாவிட்டால் ஒரு நாள் பிணமாகத்தான் என்னிடம் வருவாய் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

“அடிக்கிறது அவுக இல்லம்மா.”

எல்லாப் பொண்டாட்டிகளும் இதைத்தான் சொல்கிறார்கள் என்றேன். கோபத்தில் கத்திரியைத் தட்டில் எறிந்ததில் சுடிதார்க் கை மேலே ஏறிவிட்டது. அவள் என் முன்கைக் கட்டைப் பார்த்தாள். என்னம்மா ஆச்சு என்றாள். பால் கொட்டிவிட்டது என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எரிச்சலாக வந்தது.

பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். அவன் சாராயத்தைத் தொட்டதே கிடையாதாம். முன்னோடிக் கருப்புக்குச் சாமியாடியாம், குடித்தால் சாமி இறங்காதாம். மூன்று வருஷமாகத்தான் இப்படி. பெரும்பாலும் விடியற்காலை, வெறும் வயிற்றில். வியர்த்துக் கொட்டும், கண் நிலைகுத்தும், ஆளையே அடையாளம் தெரியாது, கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். அடித்து ஓய்ந்து ஏதாவது குடித்தால் தெளிந்துவிடும், ஒன்றும் நினைவிருக்காது. மாசிக் களரித் திருவிழாவிலும் அப்படித்தானாம். விரதம் இருந்து, சாமி இறங்கி, ஆடி முடித்ததும் ஒரு சொம்புப் பானகம் கொடுத்தால் சாமி மலையேறிவிடும். மூன்று வருஷமாகச் சாமி ரொம்ப உக்கிரம் என்று ஊரே பேசுகிறதாம். போன வருஷம் கிடாயைப் பிடித்தவனின் இரண்டு விரல்கள் கிடாயோடு போய்விட்டன.

அவள் போன பிறகும் கோபம் ஆறவில்லை. சாமி மேல் பழியைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஜனவரி 24, வெள்ளி

குக்கரை வைத்துவிட்டுக் காப்பிக்குச் சர்க்கரை போட்டேன். ஸ்பூன் கையில் அப்படியே நின்றுவிட்டது.

பானகம் என்றால் வெல்லம். கலர் சோடா என்றால் சர்க்கரை. அன்றைக்கு அவன் பெஞ்சில் பன்னும் டீயுமாக உட்கார்ந்திருந்தான். இந்த ஊரில் யார் மயங்கினாலும், யார் வெறிபிடித்துக் கத்தினாலும், முதலில் சோடாவை ஊற்றிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவருவார்கள். ஊற்றிய பிறகு பார்த்தால் தொண்ணூற்றிரண்டு இல்லாமல் என்ன இருக்கும்? மருந்தைக் கொடுத்துவிட்டு நோயைத் தேடச் சொல்கிறார்கள், நானும் மண்டு மாதிரி தேடியிருக்கிறேன்.

சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்குகிறது. இறங்கினால் மூளை பட்டினி கிடந்து வெறிபிடிக்கிறது. இனிப்புக் கொடுத்தால் தெளிகிறது. பட்டினிக்குப் பயந்து உடம்பு தின்றுகொண்டே இருக்கச் சொல்கிறது, அதனால்தான் அந்தக் கனம். கணையத்தில் இன்சுலினைக் கண்டபடி சுரக்கிற ஒரு கட்டி. இன்சுலினோமா. படிக்கும்போது அரைப்பக்கம் வரும், பரீட்சையில் ஒரு மார்க் கேள்வி. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது என்று சொல்லிக் கடந்துபோன நோய்.

குக்கர் அடிப்பிடித்துவிட்டது. சந்தோஷத்தில் அதையும் சாப்பிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

முத்திருளனை வரச் சொல்லி, ஒரு நாள் இங்கே படுக்க வைத்து, பட்டினி போட்டுப் பார்க்கலாம் என்றேன். அவன் அண்ணன் சடையாண்டி கூடவே வந்து முடியாது என்றுவிட்டான். கோயில் பூசாரி அவன்தான். தம்பியை ஏற்கெனவே கிறுக்கன் என்று எழுதிக் கொடுத்தது போதாதா என்று என்னைப் பார்த்துக் கத்தினான். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் பேராசிரியரிடம் போனில் பேசினேன். மயங்குகிற நேரத்தில் எடுத்த ஓர் அளவாவது கையில் இருந்தால் நேராகச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார்.

எல்லோரும் போன பிறகு பூமயில் மட்டும் திரும்பி வந்தாள். சுகர் பார்க்கிற மெஷினைக் கேட்டாள். அடிக்க வரும்போது, சோடா கொடுப்பதற்கு முன்னால், அவளே விரலைக் குத்திப் பார்ப்பாளாம். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எப்படிக் குத்துவது என்று சொல்லிக் கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 31, வெள்ளி

காலை ஆறரைக்குக் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினாள். வாயெல்லாம் ரத்தம். கீழ்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை, ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். தாடை வீங்கிப் பேச்சு குழறியது. அவன் கையைத் தன் முழங்காலுக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு குத்தியிருக்கிறாள். இன்னொரு கை சும்மா இருக்குமா? மூன்று முறை குத்தினாளாம். முதல் இரண்டிலும் ரத்தம் போதவில்லையாம்.

மெஷினை நீட்டினாள். முப்பத்தொன்று.

“சோடா குடுக்கிறதுக்கு முன்னாடிம்மா. சத்தியமா முன்னாடி.”

நான் அழுதுவிட்டேன். டாக்டர் நோயாளி முன்னால் அழக் கூடாது என்பார்கள், யார் சொன்னார்களோ அவர்கள் வந்து இவள் முன்னால் நிற்கட்டும்.

பிப்ரவரி 3, திங்கள்

முத்திருளனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுக்குள் இருக்கிற ஒரு சின்னக் கட்டி சர்க்கரையைக் குடித்துவிடுகிறது, அப்போது மூளை உன் கையில் இல்லை, கட்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றேன். கவனமாகக் கேட்டான். பூமயிலின் வாயைப் பார்த்தான்.

“அப்ப இதெல்லாம் நான்தான் செஞ்சதாம்மா?”

உன் நோய் செய்தது என்றேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுவதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் இவனுக்கு விழுந்த அறையை ரசித்தவள் நான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டான்.

“களரியில எறங்குறது சாமியாம்மா, கட்டியாம்மா?”

அவன் பதினேழு வயதிலிருந்து ஆடுகிறான், நோய் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதை மட்டும் சொன்னேன்.

மதுரையில் உடனே வரச் சொல்கிறார்கள். களரி முடிந்துதான் வருவேன் என்கிறான். பத்தொன்பதாம் தேதி காப்புக் கட்டு, அதிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு. கடைசி நாள் பச்சைத் தண்ணீர் கூடக் கிடையாது. சிவராத்திரி முழுக்க ஆடிவிட்டு மறுநாள் உச்சியில் வீச்சரிவாளோடு வருவான். கிடாய் வெட்டு முடிந்ததும் அந்த அரிவாளை முதலில் சாமியாடியின் பெண்சாதி தலையில் வைத்துத் திருநீறு பூசுவதுதான் அவர்கள் கோயில் வழக்கம். ஒரு நாளைக்கு ஆறு தடவை தின்ன வேண்டியவன், ஒன்றுமே தின்னாமல், கையில் அரிவாளோடு அவள் முன்னால் நிற்கப்போகிறான். போன வருஷம் அரிவாள் அவள் காதை உரசிக்கொண்டு போனதாம். அதைப் பூமயில் ஏதோ பஸ் தவறிப்போன மாதிரி சொல்கிறாள்.

பிப்ரவரி 5, புதன்

சடையாண்டியை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பேசினேன். இந்த வருஷம் வேறு யாராவது ஆடட்டும் என்றேன். முடியாது. சரி, பானகத்தையாவது முதலில் கொடுத்துவிட்டு அரிவாளைக் கொடுங்கள் என்றேன்.

“பானகம் குடிச்சா மலையேறிரும். அப்புறம் அருவாளத் தூக்கிட்டு நிக்கிறது யாரு, என் தம்பியா?”

இவனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்ததேதான் இவனுக்கும் தெரியும், பெயர் மட்டும்தான் வேறு. எங்கள் சாமிக்குச் சீக்கு என்று சொன்ன வாய் அழுகிப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் பிரசவ அறை ஜன்னலில் கல் விழுந்தது. உள்ளே ஒருத்தி பிரசவ வலியில் கிடந்தாள். கண்ணாடித் தூள் அவள் வயிற்றின் மேல். ஜெபராணி பஞ்சால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். ஆண் குழந்தை, மூன்று கிலோ.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரசன்னா வந்திருந்தான். ஜன்னல் விஷயம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வா என்கிறான். என் மேல் இருக்கிற அக்கறைதான். படுக்கையறைத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது, ஆசாரியை வரச் சொல்ல வேண்டும். முகம் பார்க்கிற கண்ணாடியும் புதிதாக வாங்க வேண்டும்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமலே ஓட்டி வந்திருக்கிறான். அதைக் கவனித்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

லீவு. கழுத்துப் பிடிப்பு.

பிப்ரவரி 19, புதன்

காப்புக் கட்டிவிட்டார்கள். மைக் செட் காலையிலிருந்தே அலறுகிறது. ஏட்டையாவிடம் சொல்லிப் பார்த்தேன். கோயில் விஷயத்தில் கையை வைத்தால் கலவரம் ஆகிவிடும் மேடம் என்கிறார். அடிப்பதற்கு மட்டும் அன்றைக்குக் கை நீண்டது.

பிப்ரவரி 24, திங்கள்

பூமயிலிடம் சொல்லி முத்திருளனைத் தோப்புப் பக்கம் வரவழைத்துப் பார்த்தேன். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை. நேற்று விடியற்காலையில் வந்துவிட்டதாம், அடுப்படியில் தன் கையையே கடித்திருக்கிறான், தசை பிய்ந்து தொங்குகிறது. வாயில் ஒரு கருப்பட்டித் துண்டை அடக்கிக்கொள், யாருக்கும் தெரியாது என்று கெஞ்சினேன். சாமிக்குத் தெரியுமேம்மா என்றான். பிறகு அவனே பூமயிலிடம், நீ உன் ஆத்தா வீட்டுக்குப் போயிரு, நான் உன்னக் கொன்னுருவேன் என்றான்.

அவள் போக மாட்டேன் என்றுவிட்டாள். அவள் நிற்காவிட்டால் அந்த இடத்தில் சடையாண்டியின் மகளை நிறுத்துவார்களாம். அது காலேஜ் படிக்கிற பிள்ளை. எனக்கு அருவா வர்ற பக்கம் தெரியும், அதுக்குத் தெரியாதும்மா என்றாள்.

எனக்கு இந்த ஊர் மேல், இந்தச் சாமி மேல், பூமயில் மேல், எல்லார் மேலும் கோபமாக வருகிறது. இவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் எங்காவது பூட்டி வைக்க வேண்டும் போலிருக்கிறது. இப்படி ஒருத்தி, தெரிந்தே போய் நிற்பாளா?

பிப்ரவரி 27, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பதினொன்றரைக்கே நானும் ஜெபராணியும் கோயில் பொட்டலுக்குப் போய்விட்டோம். குளுக்கோஸ் பாட்டில், சிரிஞ்ச், தையல் செட், எல்லாம் என் தோள்பையில். 108 வண்டியைத் தார்ரோட்டிலேயே நிற்கச் சொல்லியிருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. உருமி அடித்தது நெஞ்செலும்பில் கேட்டது.

அவனை நான்கு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வேட்டி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வாய் ஓரத்தில் நுரை. ஊர் மொத்தமும் குலவை போட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் ரத்தத்தில் சர்க்கரை இல்லை என்பதுதான், ஆனாலும் அவன் உறுமியபோது நானும் ஓர் அடி பின்னால் போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் கிடாய் ஒரே வெட்டு. இரண்டாவது கிடாயின் கழுத்தில் விழ வேண்டியது முதுகில் விழுந்தது. மூன்று முறை வெட்டினான். கிடாய் குடலை இழுத்துக்கொண்டு ஓடியது. கூட்டம் சிதறியது. உக்கிரம், உக்கிரம் என்று ஒரு கிழவர் அழுதார். பூமயில் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு, கையில் பானகச் சொம்போடு போய் அவன் முன்னால் நின்றாள். நான் கத்தினேன். உருமியில் யாருக்குக் கேட்கும்?

சடையாண்டி திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்றான். முத்திருளன் அரிவாளைத் தலையில் வைக்கவில்லை, ஓங்கினான். அவள் சொம்பை அவன் வாயில் வைத்து அழுத்தினாள், பானகம் அவன் நெஞ்சில் வழிந்தது. அரிவாள் இறங்கியது. அவள் இடப்பக்கமாகச் சாய்ந்தாள், அரிவாள் வரும் பக்கம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆனால் போதவில்லை. தோள்பட்டையில் ஏறிக் காறையெலும்பை முறித்து உள்ளே நின்றது. அவன் அரிவாளைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான். அப்போதுதான் அவனுக்கு வலிப்பு வந்தது. வெட்டின மரமாக விழுந்தான்.

ஜெபராணி பூமயிலின் மேல் விழுந்து, முந்தானையைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, முழு உடம்போடும் அழுத்திக்கொண்டாள். நான் முத்திருளனிடம் ஓடினேன். சாமியைத் தொடாதே என்று கூட்டம் என் மேல் பாய்ந்தது. ஒருவன் என் கொண்டையைப் பிடித்து இழுத்தான், ஒருவன் முகத்தில் அறைந்தான், முதுகில் யாரோ மிதித்தார்கள். நான் அவன் கையை விடவில்லை. மேடம் கண்ணைக் கூடச் சிமிட்டல, அடி விழ விழ ஊசியப் போட்டுக்கிட்டே இருந்தாக என்று ஜெபராணி பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் என்ன ஆச்சரியம் என்று எனக்குத் தெரியவில்லை. அடி விழும்போது அசையாமல் இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

விரலைக் குத்தினேன். இருபத்திரண்டு. நரம்பு கிடைத்தது. குளுக்கோஸ் உள்ளே போகப் போக வெட்டிக்கொண்டிருந்த கைகால்கள் அடங்கின. கூட்டமும் அடங்கியது. பாட்டில் தீர்வதற்குள் அவன் கண்கள் அசைந்தன, என்னைப் பார்த்தன, சுற்றி நின்றவர்களைப் பார்த்தன. உருமிக்காரன் எப்போது நிறுத்தினானோ தெரியாது.

“பூமயிலு எங்க?”

கூட்டம் விலகியது. அவனே எழுந்து உட்கார்ந்து பார்த்தான். பிறகு அவன் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

சடையாண்டிதான் அவளைத் தூக்கிக்கொண்டு 108 வண்டிக்கு ஓடினான். திருநீறும் ரத்தமுமாக இருந்தான். பல்ஸ் இருந்தது. மதுரை போகிற வரைக்கும் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

பூமயில் கண் விழித்துவிட்டாள். கை பிழைக்கும், ஆனால் முழுதாகத் தூக்க வராது என்கிறார்கள். போலீஸ் கேட்டபோது, சாமியாடும்போது நடந்த விபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். முத்திருளன் அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டில். இன்சுலின் அளவு எகிறிக்கிடக்கிறது. ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கம் கட்டி தெரிகிறது. பேராசிரியர் போனில் என்னைப் பாராட்டினார். ஒரு சின்ன ஊர் ஓபியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கண்டுபிடித்தது பெரிய விஷயமாம், கட்டுரையாக எழுத வேண்டுமாம். பல் போனவள் பெயரை முதலில் போடலாமா சார் என்று கேட்டேன். சிரித்தார்.

பிரசன்னாவிடம் சொன்னேன். அரிவாள் வெட்டுக்கு நடுவில் உனக்கென்ன வேலை என்றான். அதற்கு மேல் அவன் சொன்னதெல்லாம் கவலையில் சொன்னது.

மார்ச் 18, செவ்வாய்

கட்டியை எடுத்துவிட்டார்கள். கொண்டைக்கடலை அளவுதான் இருந்ததாம். அவ்வளவு சின்னதா என்று ஜெபராணி நம்பவே மாட்டேன் என்கிறாள்.

ஏப்ரல் 17, வியாழன்

இருவரும் வந்திருந்தார்கள். அவன் இளைத்துவிட்டான். வெறும் வயிற்றில் சுகர் தொண்ணூற்றெட்டு. ஒரு மாதமாக அந்த வெறி ஒரு தடவை கூட வரவில்லையாம். இப்போது அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவது அவன்தான், கோணலாகத்தான் பின்னியிருந்தான். ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை, நான் சாமியை ஊசி போட்டு விரட்டிவிட்டேனாம். உருமி கேட்டால் இப்போது ஒன்றும் செய்வதில்லை, சும்மா சத்தமாக இருக்கிறது என்று அவனே சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் மாத்திரை வாங்கப் போனதும் பூமயில் கதவைச் சாத்தினாள். என் இடது காதுக்குப் பின்னால் கன்றிப்போன இடத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

“உங்க வீட்டய்யாவுக்கும் அந்த மெஷின்ல பாத்தீகளாம்மா?”

என்ன உளறுகிறாய் என்று கத்திவிட்டேன். வெளியே போ என்றேன். போனாள். ஓபியில் அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் கத்தினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பிரசன்னா காலையிலேயே வந்துவிட்டான். வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றான். இட்லி ஊற்றட்டுமா என்று கேட்கவில்லை. காப்பியும் கொடுக்கவில்லை. பட்டினியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் ராஜினாமாக் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டான். இல்லை என்றேன். இந்த முறை தாழ்ப்பாள் போடும் வரைகூடப் பொறுக்கவில்லை. என் தலை அலமாரி விளிம்பில் இடித்தது. கீழே விழுந்த பிறகு காலால் உதைத்தான். பிறகு வழக்கம் போல மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான், முகத்தைத் துடைத்தான். முகம் வியர்த்திருந்தது. வியர்த்திருக்கிறது, வியர்த்திருக்கிறது என்று எனக்குள் யாரோ சொன்னார்கள்.

மெஷினை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் உட்கார்ந்தேன். கையை நீட்டு என்றேன். எதற்கு என்றான். சும்மா என்றேன். அடித்து முடித்ததும் நான் சொன்னதைக் கேட்கிற ஒரு கால்மணி நேரம் உண்டு, நீட்டினான். குத்தினேன். எண் வருவதற்குள், முப்பது என்று வா, நாற்பது என்றாவது வா என்று வேண்டினேன். வாழ்க்கையில் எதற்கும் நான் இப்படி வேண்டியதில்லை.

தொண்ணூற்றாறு.

மெஷின் தப்பாக இருக்கலாம் என்று இன்னொரு விரலிலும் குத்தினேன். தொண்ணூற்றைந்து. உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டான், தெளிவாக, என் பெயரைச் சொல்லி. அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

அவனுக்கு ஒரு நோயும் இல்லை.

வெளியே வந்து ஜெபராணிக்குப் போன் செய்தேன். தையல் செட்டை எடுத்துக்கொண்டு வா, ஏட்டையாவையும் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னேன்.